இரக்கமும் சங்கிலியும்

நான்காம் தீர்த்தங்கரராகிய அபிநந்தனரின் இலாஞ்சனம் குரங்கு என்பதை நாம் அறிவோம். அப்பெருமானை வணங்கி வீடு திரும்பும் சிராவகர், அதே உயிரைக் கயிற்றில் கட்டி வளர்த்தல் தகுமா என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

இரக்கத்தால்தானே வளர்க்கின்றனர் என்பர். உண்மையே. என் இளமையில் எங்கள் தெருவினர் ஒருவர், மின்கம்பியில் பட்டு இறந்த தாயின் மார்பைப் பற்றிக் கிடந்த குட்டியை எடுத்துப் பாலூட்டி வளர்த்தார். சில ஆண்டுகள் அது குழந்தைகளோடு குழந்தையாய்த் திரிந்தது. பின்னர்ப் பருவம் எய்திற்று, கோரைப்பற்கள் நீண்டன, நாள்தோறும் சோறிட்ட அம்மையாரின் கையையே கடித்தது. அன்றுமுதல் கிணற்றடி வேம்பில் சங்கிலி. பிறகு காட்டில் விட்டனர். இரை தேட அறியாது, கூட்டத்திலும் சேர இயலாது, சாலையோரத்தில் மனிதர் முகத்தையே பார்த்து அமர்ந்திருந்தது. அக்காட்சியை யான் இன்றும் மறக்கவில்லை.

குற்றம் அவ்விலங்கினுடையதன்று. நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து பழகிய இனம். குரங்கோ, நம் மடியில் வளரினும் காட்டுயிரே. நாட்டுக் குரங்குகளில் பெண் பொதுவாகப் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும். தாயும் உடன்பிறந்தாரும், ஒன்றற்கொன்று பேன் பார்த்தலுமே அதன் உலகம். பழத்தட்டு அதற்கு ஈடாகுமா?

இப்போது தென்னமெரிக்கக் காடுகளின் மார்மோசெட் என்னும் சிறு குரங்கையும் கடத்தி வருகின்றனர். சென்னை விமான நிலையத்திலேயே அவை பிடிபட்டதுண்டு. நம் உதட்டில் சில நாளில் ஆறிவிடும் கொப்புளத்தின் கிருமி, அச்சிற்றுயிரைக் கொல்ல வல்லது. கொஞ்சுதலே அதற்கு நஞ்சாகிறது.

தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் முதலாவதாக வைப்பது பந்தம், அதாவது கட்டிவைத்தல். கடிக்குமென்று அஞ்சிப் பல்லைப் பிடுங்கினால் உறுப்பறுத்தலாகிய சேதமும் சேர்கிறது. "விருப்பத்தால் கட்டினேன்" என்பதும் விடையாகாது. வெறுப்பைப் போலவே விருப்பையும் ஹிம்சையின் வேராக நம் ஆச்சாரியர்கள் காட்டியுள்ளனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டுக் குரங்கை வீட்டில் வளர்ப்பதைத் தடுக்கிறது.

அவ்வாறாயின், தாயிழந்த குட்டியை விட்டுவிட்டு வருவதா என்று ஓர் அன்பர் முன்னரே என்னை வினவினார். வேண்டா. துணி விரித்த கூடையில் நிழலில் வையுங்கள். சிறுவர் கை படாமல் காத்து, வனத்துறைக்கு உடனே சொல்லியனுப்புங்கள். பெயர் மட்டும் சூட்டாதீர்கள். சூட்டிய பின் கொடுக்க மனம் வாராது.