750 காற்றாலை போதுமா? கணக்கு போட்டுட்டுப் பேசுவோம்!

(எளாவூர் ஐடி விங் கூட்டத்தில் பேசியது)



வல்லூர் அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட். "2 மெகாவாட் காற்றாலை 750 வெச்சா போதும், மூடிடலாம்"னு நம்ம பசங்களே கார்டு போடுறாங்க. நிலக்கரிச் சாம்பலை சுவாசிக்கிற மக்களுக்காகத்தான் போடுறாங்க, கோபம் நியாயம். ஆனா கணக்கு தப்பு.

நம்ம செக்போஸ்ட்ல நிக்கிற லாரியைப் பாருங்க. 20 டன் ஏத்தலாம்னு இருக்கும். எல்லா ட்ரிப்பும் 20 டன்னா ஏத்துது? காற்றாலையும் அப்படித்தான். 2 மெகாவாட் என்பது அதோட உச்சம். வருஷத்துக்கு 8,760 மணி நேரமும் முழுசா ஓடினா 1 கோடியே 75 லட்சம் யூனிட். ஒரு பேச்சுக்கு அதில் 25 சதவீதம் கிடைக்குதுன்னா, சுமார் 44 லட்சம் யூனிட்தான்.

அந்த சதவீதத்தை யார் முடிவு பண்றது? காற்று! வேகம் இரண்டு மடங்கானா காற்றிலுள்ள சக்தி எட்டு மடங்கு. அதனால வேகத்தை 10 சதவீதம் கூடுதலா மதிப்பிட்டா, சக்தி 33 சதவீதம் கூடுதலா வரும். சராசரி வேகமும் ஏமாத்தும். பாதி நேரம் விநாடிக்கு 4 மீட்டர், பாதி நேரம் 8 மீட்டர் அடிச்சா சராசரி 6. ஆனா எப்பவும் 6 அடிக்கிற இடத்தைவிட அங்கே சக்தி மூணில் ஒரு பங்கு அதிகம். அதனாலதான் எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் அடிக்குதுன்னு, காற்றாலை நிக்கப்போற உயரத்திலேயே குறைஞ்சது ஒரு வருஷமாவது அளக்கணும். அதை அந்த மெஷினோட பவர் கர்வ்ல போட்டுக் கூட்டணும். (எம்3 படிச்சு அரியர் வெச்சவங்க பயப்படாதீங்க, எக்செல்லே போதும்!)

முப்பந்தல்ல கணவாய் வழியா பாய்ற காற்று வேற, நம்ம பழவேற்காடு கடற்காற்று வேற. அந்தக் கணக்கை இங்கே ஒட்டக்கூடாது. பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தோட காற்று வரைபடத்தை முதல்ல பாருங்க.

சரி, வல்லூருக்கு வருவோம். அது 60 சதவீதம் ஓடுதுன்னு வெச்சா வருஷத்துக்கு 788 கோடி யூனிட். அதை 44 லட்சத்தால் வகுத்தா சுமார் 1,800 காற்றாலை. அதுவும் வருஷக் கணக்குக்குத்தான். தமிழ்நாட்டுக் காற்று பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. மார்ச் மாச ராத்திரிக்கு பேட்டரியோ வேற மின்சாரமோ வேணும்.

கார்டுல 1,800னே போடுங்க. 25, 60னு எடுத்துக்கிட்டதையும் கீழே எழுதுங்க. 750னு போட்டா எதிர்த்தரப்பு முதல் கமென்ட்லயே கிழிச்சிடுவான், சாம்பல் விஷயம் அதோட காணாமப் போயிடும்.