கிமோனோ தேடிய கதை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ்ச் சங்கத்தின் மேடையில் பிற நாட்டார் உடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இஃது என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் காலனியிலிருந்து பயிற்சிக்கும் பணிக்குமாக ஜப்பான் சென்று மீள்வோர் பலர். அவர்கள் வீட்டாருக்கென்று கிமோனோ வாங்கி வருகின்றனர். வழுவழுப்பான துணி, முதுகில் பெரியதொரு கொக்கு, இடுப்பில் அதே துணியால் ஆன ஒரு கயிறு. பெரும்பாலும் அது பயணிகளுக்கென்றே தைத்து விற்கப்படும் பாலியெஸ்டர் அங்கி. குளித்து வந்ததும் போர்த்திக்கொள்ள உதவும், கிமோனோ ஆகாது.

உண்மையான கிமோனோவை நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார் வாங்க இயலுமா என்று தாய்மார்கள் சிலர் எங்களைக் கேட்டனர். இயலும் என்பதே எங்கள் விடை. ஆனால் ஏன் இயலுகிறது என்பதையும் சொல்லாமல் விட்டால் விடை பாதியாகவே நிற்கும்.

முதலில் அந்த உடையின் அமைப்பைக் காண்போம். கிமோனோ என்னும் சொல்லுக்கு உடுக்கும் பொருள் என்பதே பொருள். ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் அளவு நீளமும் கொண்ட ஒரே துணிச் சுருளிலிருந்து அது தைக்கப்படுகிறது. உடலுக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முன்புற மடிப்புக்கு இரண்டு, கழுத்துப் பட்டைக்கு இரண்டு என எட்டுத் துண்டுகள். அனைத்தும் நேர்க்கோட்டில் வெட்டியவை. உடலின் வளைவுக்கேற்பத் துணியை வளைத்து வெட்டும் வழக்கம் அங்கே இல்லை. ஆதலின் தையலைப் பிரித்துத் துண்டுகளை மீண்டும் இணைத்தால் பழைய சுருளே கிடைத்துவிடும். அவ்வாறு பிரித்துத் துவைத்து, விறைப்பாக விரித்து உலர்த்தி, மறுபடி தைப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். தாயின் உடை மகளுக்கும், பின்னர் பெயர்த்திக்கும் சென்றது இவ்வாறே.

உண்மையானதை அறியும் வழியும் இவ்வமைப்பிலேயே இருக்கிறது. முதுகின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு தையல் ஓட வேண்டும். துணியின் அகலம் குறைவாதலின் முதுகை ஒரே துண்டால் மூட இயலாது. பெண்கள் உடையில் கையின் கீழ்ப்பகுதி உடலோடு ஒட்டாமல் தொங்கும். ஆண்கள் உடையில் அது பெரும்பாலும் உடலோடு இணைத்தே தைக்கப்பட்டிருக்கும். பட்டாயின் தையல் பெரும்பாலும் கைத்தையலாகவே இருக்கும்.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு, கணவனும் மனைவியுமாக நாங்கள் கியோட்டோ நகரின் புதுத்துணிக் கடை ஒன்றில் நுழைந்தோம். கண்ணைக் கவர்ந்த ஒரு பட்டின் விலையைக் கேட்டோம். தைத்துத் தருவதற்கும் சேர்த்து 3,00,000 யென் என்றனர். நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்! இடுப்பில் கட்டும் ஓபி என்னும் பட்டைக்கு விலை தனி. தேநீருக்கு நன்றி கூறி வெளியே வந்தோம். அவ்விலையைக் குறை கூற மாட்டோம். யூக்கி ஊரில் பட்டுப் பஞ்சிலிருந்து கையாலேயே நூலை இழுத்து நெய்கின்றனர். அக்கலையை யுனெஸ்கோ 2010-இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அமாமித் தீவில் நூலை மரச்சாற்றிலும் இரும்புச் சத்துள்ள சேற்றிலும் மாறி மாறித் தோய்த்துக் கருமையேற்றுகின்றனர். அத்தகைய உழைப்புக்கு அவ்விலை தகும். எங்கள் பைக்குத்தான் தகவில்லை.

அதே நகரில் தோஜி என்னும் கோயில் இருக்கிறது. அங்கே திங்கள்தோறும் 21-ஆம் நாள் சந்தை கூடும். 835-இல் மறைந்த கோபோ தாய்ஷி என்னும் துறவியின் நினைவு நாள் அது. கித்தானோ தென்மாங்கு என்னும் மற்றொரு கோயிலில் 25-ஆம் நாள் கூடும். இரண்டிலும் பழைய கிமோனோக்கள் குவியல் குவியலாக வருகின்றன. "எதை எடுத்தாலும் 1,000 யென்" என்று எழுதி வைத்த குவியலும் உண்டு. நம் பணத்தில் 600 ரூபாயை ஒட்டிய தொகை! புதிதாகச் செய்திருந்தால் லட்சக்கணக்கில் ஆகியிருக்கும் பட்டு, நம் ஊர்ச் சந்தையில் காய்கறி கிடப்பதுபோல் கிடந்தது.

ஆனால் விலை மலிவு என்று கையை நீட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். வளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியவை சில உள. பெண்கள் நீளத்தை இடுப்பில் மடித்துக் கட்டுவர்; ஆதலின் நீளம் ஏறத்தாழ அணிபவரின் உயரத்துக்கு இணையாக இருத்தல் நன்று. ஆண்களுக்கு அம்மடிப்பு இல்லை. நீளம் சரியாகவே இருக்க வேண்டும். பிடரி நடுவிலிருந்து தோள் வழியே மணிக்கட்டு வரை அளந்து, அவ்வளவையும் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும். முன்னோர் உயரம் குறைந்தவராதலின் பழைய உடைகள் பெரும்பாலும் சிறியவை. கழுத்துப் பட்டையிலும் கைவிளிம்பிலும் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கற்பூர வாடை போய்விடும். பூஞ்சை வாடை எளிதில் போகாது. அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்தது, ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது, கோடையின் இரு மாதங்களில் மெல்லிய வலைப்பட்டு என்பது அவர்கள் மரபு. நம் ஊர் வெப்பத்துக்கு உள்துணி இல்லாததே ஏற்றது. அணியும்போது நம் இடப்பக்கம் மேலாக வர வேண்டும். வலப்பக்கத்தை மேலாக வைப்பது இறந்தோர்க்கு உடுத்தும் முறை.

இதனினும் பெரிய பிழை ஒன்றை நாங்களே செய்ய இருந்தோம். பூவேலை ஏதுமின்றி, ஐந்து இடங்களில் வெண்ணிறக் குலச்சின்னம் மட்டும் பொறித்த கரும்பட்டு ஒன்று கைக்கு அத்தனை மென்மையாக இருந்தது. அதை எடுத்து விலை கேட்டோம். கடையிலிருந்த மூதாட்டி தலையை அசைத்து, இரு கைகளையும் குவித்துக் கண்களை மூடிக் காட்டினார். துக்க வீட்டுக்கு உடுத்திச் செல்லும் உடை அது! நாங்கள் வெட்கத்துடன் மடித்து வைத்தோம். அவர் சிரித்துக்கொண்டே எம் துணைவியாரின் கையை நீட்டச் செய்து அளந்தார். குவியலின் அடியிலிருந்து இலைப்பச்சை நிறத்தில் சிறு பூக்கள் நிறைந்த ஒரு பட்டை எடுத்துத் தந்தார். விலை 3,000 யென். ஓபி, உள்ளங்கி, கட்டும் நாடாக்கள், கால்விரல் பிரிந்த வெள்ளைக் காலுறை எல்லாம் சேர்ந்தும் 10,000 யென்னைத் தாண்டவில்லை. நம் பணத்தில் அஃது 6,000 ரூபாய்க்குள் அடங்கியது.

அறைக்கு வந்து விரித்தபோதுதான் ஒன்றைக் கண்டோம். கைவிளிம்பிலும் கீழ்மடிப்பிலும் நீண்ட வெள்ளை நூல் ஓடியிருந்தது. தைத்து முடித்தபின் மடிப்புக் கலையாதிருக்க இடும் ஓட்டுத் தையல் அது. முதன்முறை அணியும் நாளில் பிரித்து எடுத்துவிடுவர். அந்த நூல் அப்படியே இருந்தது. யாரோ ஒரு தாய் தம் மகளுக்கென்று வாங்கித் தைத்து வைத்த உடையாக இருக்கலாம். அதை ஒருவரும் ஒருநாளும் உடுத்தவில்லை என்பது மட்டும் உறுதி. கத்தரியைக் கையில் எடுத்த எம் துணைவியார் நெடுநேரம் வெட்டாமலே அமர்ந்திருந்தார்.

அன்பர்களே! அந்த மலிவுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. 1940-இல் ஜப்பானிய அரசு ஆடம்பரப் பொருள்களைச் செய்வதையும் விற்பதையும் தடுத்தது. பெண்கள் வேலைக்கு ஏற்ற முரட்டுக் காற்சட்டை அணியும் காலம் வந்தது. 1945-இல் போர் முடிந்தபோது நகரங்களில் உணவு இல்லை. பெண்கள் பெட்டியிலிருந்த கிமோனோக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சென்று, உழவர்களிடம் கொடுத்து அரிசி வாங்கினர். அதற்கு 'மூங்கிற்குருத்து வாழ்க்கை' என்று பெயர் வந்தது. குருத்தின் தோலை ஒவ்வொன்றாக உரிப்பதுபோல் உடைகளை இழந்து உயிர் வாழ்ந்தனர்.

அந்த வறுமையிலும் கிமோனோவுக்கு மதிப்பு இருந்தது. ஒரு பட்டு அரிசியாக மாறியது. வளம் வந்த பின்னரே அதன் மதிப்புக் குறைந்தது என்பது வியப்பன்றோ! அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் மேனாட்டு உடை போதும் என்றாயிற்று. கிமோனோ திருமணத்துக்கும் ஜனவரியில் வரும் வயதடைந்தோர் விழாவுக்கும் உரியதாக ஒதுங்கியது. ஒதுங்க ஒதுங்க அதன் விலையும் விதியும் வளர்ந்தன. தாயிடம் மகள் கட்டக் கற்ற வழக்கம் அறுந்தது. 1960-களிலிருந்து அதைக் கற்பிக்கத் தனிப் பள்ளிகள் தோன்றின. இன்று பாட்டி மறைந்தபின் பெட்டியைத் திறக்கும் பெயர்த்திக்கு உடையின் அளவும் பொருந்துவதில்லை, கட்டவும் தெரிவதில்லை. பழைய துணி வாங்குவோரை அழைத்துப் பெட்டியோடு கொடுத்துவிடுகிறாள். பட்டு மங்கியதால் விலை குறையவில்லை. கட்டத் தெரிந்த கைகள் குறைந்ததால் குறைந்தது.

இந்தக் கதையில் நமக்கும் ஓர் இழை உண்டு. எதோ காலத்தில் அந்நாட்டு நகரமக்கள் விரும்பி அணிந்த கோடிட்ட பருத்தித் துணிக்குச் 'சாந்தோமே' என்று பெயர். அது நம் சென்னை மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயரே! சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிச் சென்ற துணி அது. பின்னர் அவர்களே அதைப் போல நெய்யக் கற்றுக்கொண்டனர். கியோட்டோவில் அப்பெயரைக் கேட்டபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஆகவே ஜப்பான் செல்வோர் அங்கியை வாங்காமல் சந்தைக்குச் செல்லுங்கள். அளவைக் குறித்துச் செல்லுங்கள். துக்க உடையை எடுக்காதீர்கள். வாங்கியதைக் கட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ளாவிட்டால் அது ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் குடிபெயரும், அவ்வளவே.

ஊர் திரும்பியதும் நாங்கள் எங்கள் பெட்டியைத் திறந்தோம். அடியில் அன்னையாரின் கண்டாங்கிச் சேலையும் சுங்குடியும் இருந்தன. சுங்குடியின் மடிப்பு இன்னும் கலைக்கப்படவில்லை. கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்ட எங்கள் மகளுக்குத் தெரியாது; உண்மையைச் சொன்னால், எம் துணைவியாருக்கும் தெரியாது. இந்தக் காலனியில் தெரிந்த பாட்டிமார் இன்னும் மூவரோ நால்வரோ இருக்கின்றனர். நம் பிள்ளைகள் ஒட்டுப்பட்டை வைத்த வேட்டியோடு விழாவுக்கு வருகின்றனர்; ஜப்பானிலும் முன்பே முடிச்சிட்ட ஓபி கடைகளில் கிடைக்கிறது. அவற்றைப் பழிக்கவில்லை, வராமலிருப்பதினும் அப்படி வருவது மேல்.

சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டுக்கு ஒரு பழஞ்சேலை வரட்டும். அந்தப் பாட்டிமார் மேடையில் அமர்ந்து கட்டிக் காட்டட்டும். பிள்ளைகள் கட்டிப் பழகட்டும். துணைவியாரின் இலைப்பச்சைக் கிமோனோவையும் கொண்டு வருகிறோம். அதன் வெள்ளை நூலைப் பிரித்தாகிவிட்டது. அதை அணிந்து இருமுறை வெளியே சென்றும் வந்துவிட்டார்.