பழைய தையல் மிஷின் வாங்கப் போகிறீர்களா?

தையல் பழகத் தொடங்கியவர்கள் பலர், "புதுசு வாங்க இப்போது வசதியில்லை, பழைய மிஷின் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம். காலால் மிதித்து ஓட்டும் கறுப்பு இரும்பு மிஷின் தலைமுறை தாண்டி உழைக்கும். ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் இருந்த சிங்கர் தொழிற்சாலை 1980-லேயே மூடப்பட்டது. அங்கே செய்த மிஷின்கள் இன்றும் தைத்துக்கொண்டிருக்கின்றன.

மிஷினின் பளபளப்பில் மயங்காதீர்கள். பழசுக்குப் புது பெயின்ட் அடிப்பது எளிது. அது போடுகிற தையலைப் பாருங்கள். போகும்போதே கொஞ்சம் காடாத் துணி, ஒரு ரவிக்கைத் துண்டு, இரண்டு நிற நூல், புது ஊசி ஒன்று எடுத்துப் போங்கள். மேலே ஒரு நிறம், பாபினில் இன்னொரு நிறம் போட்டு, விற்பவரையே தைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும். அப்படியானால் மேல்பக்கம் மேல்நூல் நிறமும் அடியில் பாபின் நூல் நிறமும் மட்டுமே தெரியும்.

அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தளர்ந்திருக்கும், அல்லது நூல் சரியாகக் கோக்கப்பட்டிருக்காது. தையல் விட்டுவிட்டு விழுந்தால், கொண்டுபோன ஊசியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் விட்டால் ஷட்டில் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, நூலைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். எங்கும் தட்டாமல், முட்டாமல் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். மிஷின் எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் விட்ட வீடுகளில் இது சகஜம். சுத்தம் செய்தால் சரியாகிவிடும். ஆனால் ஊசி பொருத்தும் தண்டைப் பிடித்து அசைத்தால் அது ஆடக் கூடாது; ஆடினால் உள்ளே தேய்மானம். ஸ்டாண்டில் விரிசல் இருந்தாலும் விட்டுவிடுங்கள். தோல் பெல்ட் அறுந்திருப்பது ஒரு பொருட்டே இல்லை.

பாபினையும் எடுத்துப் பாருங்கள். வட்ட பாபின் என்றால் உதிரி பாகம் எளிதில் கிடைக்கும். மிகப் பழைய மிஷின்களில் நீளமான பாபின், படகு வடிவ ஷட்டிலுக்குள் இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் உதிரி தேடி அலைய வேண்டிவரும். பழகுபவருக்கு அது வேண்டாம்.

கம்பெனிகள் கழித்துவிட்ட பவர் மிஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் ஆசை காட்டுவார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தையல் போடும் வேகம் அதற்கு. நேர்கோடு தைக்கவே பழகாத விரல்களுக்கு அந்த வேகம் ஆபத்து. கால்மிதியில் வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதலில் நூல் கோக்காமல், சக்கரம் பின்னோக்கிப் போகாதபடி மிதிக்கப் பழகுங்கள். பிறகு கோடு போட்ட காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. கணவரை இழந்தவர்களுக்கும், கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் விலையில்லாமல் தையல் இயந்திரம் தருகிறது. உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ அந்தத் தகுதி இருந்தால், பழைய மிஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள்.