கோட்டிற்கு அப்பால்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேச வேண்டிய அரங்கில் ஒரு காமிராவைப் பற்றிப் பேச வந்துள்ளேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

2004ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமான எப்சன், ஆர்-டி1 என்னும் காமிராவை வெளியிட்டது. உலகின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா அதுவே. லைக்கா எம் வகை லென்சுகளை அதில் பொருத்தலாம். அது பதிவு செய்வது ஏறத்தாழ 60 இலட்சம் படப்புள்ளிகளே. இன்றைய கைப்பேசிகள் அதனினும் பன்மடங்கு தருகின்றன. தானாகக் குவியம் கொள்ளும் வசதியும் அதில் இல்லை. ஆயினும் இருபது ஆண்டுகள் கடந்த பின்பும் அதனைத் தேடி வாங்குவோர் உளர். காரணம் என்ன?

பிலிம் காமிராவில் ஒவ்வொரு படத்திற்குப் பின்னும் பிலிமை நகர்த்த ஒரு நெம்புகோல் உண்டு. இதில் பிலிம் இல்லை. நெம்புகோல் மட்டும் இருக்கிறது. அதனை இழுத்தால்தான் ஷட்டர் அடுத்த படத்திற்கு ஆயத்தமாகும். எஞ்சிய படங்களின் எண்ணிக்கையையும் மின்கலத்தின் இருப்பையும் மேற்புறத்தில் கடிகார முட்கள் போன்ற முட்கள் காட்டும். பின்புறத் திரையை உட்புறமாகத் திருப்பி மூடிவிடலாம். எடுத்ததை உடனே பார்க்கும் ஆவல் அடங்கும்.

இதனினும் சிறந்தது அதன் காட்சிச் சாளரம். அது பொருள்களை இயல்பான அளவிலேயே காட்டுவதால் இரு கண்களையும் திறந்தே படமெடுக்கலாம். நடுவில் தெரியும் இரட்டை உருவம், லென்சின் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒன்றாக இணையும். படத்தில் அடங்கும் பகுதியை ஒளிக்கோடுகள் வரையறுக்கும். ஆனால் கோட்டிற்கு அப்பால் நிற்பவரும் வருபவரும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருப்பர். எதைக் கொண்டோம் என்பதோடு, எதை விட்டோம் என்பதையும் அறிந்தே பொத்தானை அழுத்துகிறோம். எச்சத்தையும் செய்யுள் உறுப்பாக எண்ணிய தொல்காப்பியரை நினைவுகூராமல் இருக்க இயலுமா?

என் தம்பியிடம் இக்காமிராவை இரவல் பெற்று, ஒருநாள் எங்கள் தாயாரைப் படமெடுக்க முனைந்தேன். அவர் சிரித்தார், அழுத்தினேன், ஒன்றும் நிகழவில்லை. நெம்புகோலை இழுக்க மறந்திருந்தேன். இழுத்து நிமிர்வதற்குள் அவர் என்னை மறந்து, மடியில் கிடந்த பூவைத் தொடுக்கத் தொடங்கிவிட்டார். கிடைத்தது அந்தப் படமே. அவர் மறைந்த பின் வீட்டில் மாட்டியிருப்பதும் அதுவே. முதற்படம் கிடைத்திருந்தால், அது எனக்காக அவர் காட்டிய முகமாக இருந்திருக்கும். இது அவருடைய முகம்.

இக்காமிரா என்றும் நிலைக்கும் என்று கூற மாட்டேன். 1954இல் வந்த லைக்கா எம்3இல் இன்றும் புதுப் பிலிமை இடலாம். டிஜிட்டல் காமிராவின் ஒளியுணரியோ அதன் உடலோடு பிறந்தது, உடலோடு மூப்பது. கருவி ஒருநாள் ஓயும். அது பழக்கிய நிதானம் நம்மிடம் எஞ்ச வேண்டும்.

எழுதிய கணமே வெளியிட்டுவிடும் காலம் இது. இவ்வட்டத்திலோ ஒரு கவிதை வாசிக்கப்பட்ட பின், அடுத்ததற்கு முன் சிறிது நேரம் யாரும் பேசுவதில்லை. அந்த அமைதியே நம் நெம்புகோல். அடுத்த பத்தாண்டிலும் அதனைக் கைவிடாதிருப்போம்.