மலையிலிருந்து கண்டல் காட்டுக்கு ஒரு நாள்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து ஒருவர் பேச வேண்டும் என்று கேட்டபோது, வைத்தியர் இருக்கிறாரே, சுகாதாரம் பற்றிப் பேசட்டும் என்று குழுவில் முடிவு செய்திருந்தார்கள். இரத்தச்சோகை பற்றியும் நீரிழிவு பற்றியும் பேச வேண்டியது நிறையவே இருக்கிறது. இருந்தாலும் இன்று வேறு ஒன்றைப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழிகள் சேர்ந்து தரம் பத்துப் பிள்ளைகள் 38 பேரைப் பொத்துவிலுக்கு ஒரு நாள் பயணமாக அழைத்துப் போனோம். அந்தப் பயணம் எப்படி நடந்தது, அதை ஏன் சங்கம் ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நாங்கள் படித்த காலத்தில் பாடசாலைச் சுற்றுலா என்றால் கண்டி, நுவரெலியா, அநுராதபுரம்தான். கிழக்கே போகும் பாதை யுத்தத்தால் எங்களுக்கு மூடியிருந்தது. அன்று கிழக்கு யால என்று அழைக்கப்பட்ட குமண தேசிய பூங்கா 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. பதுளையிலிருந்து சுமார் 130 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் கடற்கரையை எங்களில் பலர் முப்பது வயதுக்குப் பிறகுதான் பார்த்தோம். இன்று பாதை திறந்திருக்கிறது. ஆனாலும் பயணத்துக்கு முன் கடல் பார்த்தவர்கள் யார் என்று பிள்ளைகளிடம் கேட்டபோது, கை உயர்த்தியவர்கள் கால்வாசிக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலானோர் கதிர்காமம் போகும்போது கிரிந்தையில் பார்த்தவர்கள். இப்போது பாதையை மூடியிருப்பது செலவு. கூடவே, பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்ற பயம்.

அந்தப் பயம் நியாயமானது. ஆகவே முதலில் தாய்மார்களைப் பாடசாலைக்கு அழைத்துப் பேசினோம். அன்றைய நாட்சம்பளம் போகாமல் இருக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தோம். எத்தனை மணிக்குப் புறப்படுவோம், எங்கே மலசலகூடம் இருக்கிறது, எத்தனை ஆசிரியைகள் வருகிறார்கள், இரவு எத்தனை மணிக்கு லயத்து வாசலில் கொண்டுவந்து விடுவோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். மாதவிடாய் நாளாக இருந்தாலும் வரலாம், தேவையானது எங்கள் பையில் இருக்கும் என்று பிள்ளைகளிடம் தனியாகச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் தயங்கிய நாலைந்து பேர் பெயர் கொடுத்தார்கள்.

அதிகாலை மூன்றரை மணிக்குப் பஸ் புறப்பட்டது. பசறை தாண்டி மொனராகலை வரை வளைவுப் பாதை. வாந்திக்கு மாத்திரையும் பொலித்தீன் பையும் ஜீவனிப் பைக்கற்றுகளும் தயாராக இருந்தன. சியம்பலாண்டுவ தாண்டியதும் சமவெளி, வரண்ட காடு, மயில்கள். லகுகலயில் பாதை தேசிய பூங்காவின் ஓரமாகவே போகிறது. 1980இல் பிரகடனம் செய்யப்பட்ட இந்தப் பூங்கா 1,554 ஹெக்டயர்தான். நாட்டின் சிறிய பூங்காக்களில் ஒன்று. ஆனால் கோடையில் மற்றக் குளங்கள் வற்றும்போது லகுகலக் குளத்தில் நீரும் உயர்ந்த புல்லும் இருப்பதால் யானைகள் அங்கே கூடும். பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, இறங்காமல், சத்தமில்லாமல் பார்த்தோம். தூரத்தில் மூன்று யானைகள், அதில் ஒன்று குட்டி. ஒரு தொலைநோக்கி 38 பேரிடம் கைமாறி வர அரை மணி நேரம் ஆனது. ஒருவரும் அவசரப்படவில்லை.

பொத்துவில் களப்பில் எங்களை அழைத்துப் போனவர்கள் அந்த ஊர் மீனவர்கள். தோணிக்கு ஐந்தாறு பேர், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. இயந்திரம் கிடையாது, கழியால் ஊன்றித் தள்ளுகிறார்கள். அதனால் மீன்கொத்தியும் கொக்கும் நாங்கள் அருகில் போகும்வரை பறக்கவில்லை. ஒரு பிள்ளை தோணிக்காரரை “அண்ணே” என்று கூப்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, “எங்கட ஊர்ல நானா எண்டு சொல்லோணும் மகள்” என்றார். அதற்குப் பிறகு களப்பு முழுக்க நானா, நானா என்று ஒரே கேள்வியாக இருந்தது. தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே பதில் கிடைத்த இயற்கைப் பாடம் எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே முதல் தடவை.

அவர் காட்டிய மரங்களில் மூன்றை இங்கே சொல்கிறோம். முதலாவது கண்டல். தண்டிலிருந்து வளைந்து இறங்கும் வேர்கள் சேற்றில் ஊன்றி மரத்தைத் தாங்குகின்றன. இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கும். பிறகு விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்து போய் வேறு கரையில் வேர்விடும். இதைக் கேட்ட ஒரு பிள்ளை, “அப்படீன்னா இந்த மரம் தவறணையைக் கிளையிலேயே வச்சிருக்கு” என்றாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அல்லவா!

இரண்டாவது கண்ணா. சேற்றில் காற்று இல்லை. அதனால் இந்த மரம் பென்சில் போன்ற ஆயிரக்கணக்கான மூச்சுவேர்களை மேலே நீட்டி உயிர்வாயுவை எடுக்கிறது. வேண்டாத உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. பிள்ளைகள் இலையைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் செய்யும் வேலையை ஓர் இலை செய்கிறது என்று நாங்கள் சொன்னபோது, உயிரியல் பாடம் ஒரு கணத்தில் விளங்கிவிட்டது.

மூன்றாவது தில்லை. அதைத் தொடவேண்டாம் என்று நானா முன்கூட்டியே எச்சரித்தார். அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வையிழப்பும் வரலாம். பட்டுவிட்டால் கசக்காமல் சுத்தமான நீரால் நீண்ட நேரம் கழுவி, வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அது இந்த மரத்தால் வந்த பெயர். அந்த ஊருக்கு அருகில்தான் பிச்சாவரம் கண்டல் காடு இன்றும் இருக்கிறது. தேவாரத்தில் தில்லையைப் பாடிப் பழகிய பிள்ளைகள் அந்த மரத்தைக் கண்ணால் கண்டார்கள்.

இந்தக் காடுகள் ஏன் முக்கியம்? இறாலும் நண்டும் பலவகை மீன்குஞ்சுகளும் இந்த வேர்களுக்கிடையில்தான் வளர்கின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்துக் கரை அரிக்காமல் காக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பொத்துவில், அறுகம்பை கரைகளைக் கடுமையாகத் தாக்கியது. அடர்ந்த கண்டல் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் பேரலையை முழுதாகத் தடுக்கும் மதில் அது அல்ல. இதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம், ஏனென்றால் பாதி உண்மை ஆபத்தானது. புத்தளம் பக்கத்தில் 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் பெருமளவு அழிக்கப்பட்டன. பிறகு 2015இல் தன் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்க முன்வந்த முதல் நாடு என்று இலங்கை பெயர் பெற்றது. 2024இல் நமது கண்டல் மீள்வளர்ப்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது.

இதற்கும் மலைநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஹாலிஎலயைத் தாண்டி ஓடும் பதுளு ஓயா, 64 மீற்றர் துன்ஹிந்தயில் விழுந்து, மகாவலியில் சேர்ந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. அங்கேயும் கண்டல் காடுகள் உண்டு. ஊவா மலைச்சரிவுகளில் பிறக்கும் கும்புக்கன் ஓயா, குமணப் பறவைகள் கூடுகட்டும் கண்டல் வில்லுக்கு அருகே கடலில் சேர்கிறது. மேலே மண் கரைந்தால் கீழே களப்பு தூர்ந்துபோகும். மேலே தெளிக்கும் கிருமிநாசினி கீழே மீன்குஞ்சுக்குப் போகும். மேலே காண் அடைபட்டு மழைநீர் தேங்கினால் என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. மண்ணைப் பிடிக்கும் வேர் மலையிலும் வேண்டும், கடலோரத்திலும் வேண்டும். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கண்டல் வேரைக் கையால் பிடித்துப் பார்ப்பது வேறு.

மதியம் கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகளில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. எனவே கணுக்கால் அளவுக்கு மேல் இறங்கக் கூடாது என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். கைகோத்து வரிசையாக நின்றார்கள். ஒருத்தி அலை வந்து போனதும், “டொக்டர் மிஸ், இது நிக்கவே நிக்காதா?” என்று கேட்டாள். நாங்கள் பதில் சொல்லவில்லை. அவளே பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று விட்டோம்.

ஆனால் அந்த நாளின் முக்கியமான கேள்வி தோணியிலேயே வந்துவிட்டது. ஒரு பிள்ளை நானாவிடம், “இந்த வேலைய பொம்பளப் புள்ளைங்க செய்யலாமா?” என்று கேட்டாள். “ஏன் ஏலாது? மரத்துட பேரும் குருவிட பேரும் தெரிஞ்சா, ரெண்டு பாஷை பேசினா காணும்” என்றார் அவர்.

சகோதரிகளே, நம் வீட்டு வாசலைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரை வளைவையும் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். 1924இல் பதுளை வரை வந்துசேர்ந்த ரயில் இன்று அவர்களால் நிரம்பி வழிகிறது. நம் தோட்டங்களுக்கு நடுவேதான் அவர்கள் நடக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஓரமாக நின்று கையசைக்கிறார்கள். சாதாரண தரம் முடித்ததும் அவர்களில் பலர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். அந்த வேலைகளை நாங்கள் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் தான் பிறந்த மலையைப் பற்றி நாலு பேருக்கு எடுத்துச் சொல்லிச் சம்பாதிக்கும் தொழில் ஒன்று உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை பயிற்சி கொடுத்து, தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, இட வழிகாட்டி என்று அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. தேசிய பூங்காக்களில் வனசீவராசிகள் திணைக்களத்தின் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நம் பாடசாலைப் பெண் ஒருத்தி ஏன் இருக்கக் கூடாது?

எனவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, நூற்றாண்டு நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு பஸ். தரம் பத்தில் படிக்கும் எந்தப் பிள்ளையும் பணம் இல்லை என்பதற்காக வீட்டில் நிற்கக் கூடாது. வடகீழ்ப் பருவமழைக்கு முன், ஓகஸ்ட் விடுமுறையில் போவது நல்லது.

இரண்டாவது, வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். தமிழ் பேசும் உள்ளூர் வழிகாட்டியை முன்கூட்டியே ஒழுங்குசெய்ய வேண்டும். அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி, முதலுதவிப் பெட்டி, மூடிய சப்பாத்து, போதிய குடிநீர் ஆகியவை கட்டாயம். உயர்தரப் பிள்ளைகளுக்கு இன்னொரு வருடம் குமண போகலாம். 35,664 ஹெக்டயர் விரிந்த அந்தப் பூங்காவின் வாசலில்தான் உகந்தை முருகன் கோவில் இருக்கிறது. கதிர்காம பாதயாத்திரை அந்தக் காட்டு வழியாகத்தான் போகிறது. பூங்காவுக்குள் ஜீப்பில் போக வேண்டியிருப்பதால் செலவு கூடும். அதற்கு முன்கூட்டியே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, பயணம் பஸ்ஸோடு முடியக் கூடாது. ஆங்கிலமும் சிங்களமும் பேசப் பழக்கும் சனிக்கிழமை வகுப்பை நம் சங்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள் தொடங்க வேண்டும். வழிகாட்டிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்பும் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்புவது முதல் போக்குவரத்துச் செலவு வரை நாங்கள் துணை நிற்போம். எங்கள் வகுப்பு முதல் இரண்டு பிள்ளைகளின் செலவை ஏற்றுக்கொள்கிறது.

நூற்றாண்டு நினைவாக வாசலில் ஒரு வளைவு கட்டலாம் என்ற யோசனையும் குழுவில் இருக்கிறது. கட்டுங்கள், அழகாகவே இருக்கும். ஆனால் அந்த வளைவின் கீழே நுழையும் பிள்ளை வெளியே போகும்போது, தன் ஓயா எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தவளாகப் போக வேண்டும். அடுத்த ஓகஸ்ட் பயணத்துக்கான பெயர்ப்பட்டியல் மண்டபத்தின் பின்புற மேசையில் இருக்கிறது. ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்க விரும்புகிறவர்கள் போகும்முன் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.