45 எழுத்துச் சொல்லும் ஒரு பிடித் தூசும்

(மேல்பட்டாம்பாக்கத்தில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கிலம் கற்ற இளைஞரிடை ஒரு விளையாட்டு உண்டு. அம்மொழியின் மிக நீண்ட சொல் எது என்று ஒருவன் கேட்பான். மற்றவன் மூச்சை அடக்கிக்கொண்டு, “நியூமோனோ அல்ட்ரா மைக்ரோசுகோப்பிக் சிலிக்கோ வால்கேனோ கோனியோசிசு” என்று ஒப்பிப்பான். கூடியிருப்போர் கைதட்டுவர். 45 எழுத்துகளை மறவாமற் சொன்னதற்கே அக் கைதட்டு. அதன் பொருள் யாது என்று எவரும் வினவுவதில்லை. சொல்லின் நீளத்தையே அறிவின் நீளம் என்று மயங்கும் மயக்கம் இது.

அச்சொல்லின் பிறப்பை முதலில் அறிதல் வேண்டும். மருத்துவர் எவரும் நோயாளியின் படுக்கையருகில் நின்று படைத்த சொல்லன்று அது. 1935-ஆம் ஆண்டு, அமெரிக்கப் புதிர் விளையாட்டாளர் மன்றத்தின் தலைவராய் இருந்த எவரெட்டு சுமித்து என்பார், நீளத்திற்காகவே கட்டிய சொல் அது. செய்தித்தாளில் வந்து, பின்னர் அகரமுதலிகளிலும் ஏறிக்கொண்டது. முதலெழுத்தாகிய ‘பீ’ எழுதப்படும், ஆனால் ஒலிக்கப்படாது. வாயிலில் நின்றும் வாய்திறவாத காவலன் அவன்!

இனி, அதனைப் பிரித்துப் பார்ப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கின்றது. நியூமோன் என்பது நுரையீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அல்ட்ரா, அப்பாற்பட்டது என்னும் இலத்தீன். மைக்ரோ, சுகோப்பு இரண்டும் நுண்மையையும் நோக்குதலையும் குறிக்கும் கிரேக்கம். சிலிக்கோ, தீத்தட்டிக் கல்லைக் குறிக்கும் இலத்தீன். வால்கேனோ, உரோமரின் தீக்கடவுள் பெயரிலிருந்து வந்த எரிமலை. கோனிசு, தூசு, ஓசிசு, நோய்நிலை, இரண்டும் கிரேக்கம். இத்துணை உறுப்புகளுள் ஆங்கிலேயன் வீட்டில் பிறந்தது ஒன்றேனும் இல்லை! ஆங்கிலத்தின் பெருமை என்று கைதட்டப்படுவது முழுவதும் கடன்பொருளே என்க. இத்துணையும் கூடிச் சொல்வதுதான் என்ன? கண்ணுக்குத் தோன்றாத எரிமலைக் கற்றூசு நுரையீரலிற் படிவதால் வரும் நோய் என்பதே.

விளையாட்டுச் சொல் அதுவாயினும், அதன் வாலாகிய ‘ஓசிசு’ என்னும் எழுத்துகளைப் பகிர்ந்துகொள்ளும் உறவுச் சொற்கள் விளையாட்டல்ல. அவை உழைப்பவன் மார்பிற் குடியிருப்பவை. கல்லுடைக்கும் இடத்திலும் மணல் தெறிக்கும் பட்டறையிலும் மணற்கல் தூசால் வருவது சிலிக்கோசிசு. கல்நார்த் தூசால் வருவது அசுபெசுட்டோசிசு. நிலக்கரித் தூசு படிந்து நுரையீரல் கறுப்பது ஆந்த்ரக்கோசிசு. ஆந்த்ரக்சு என்பது கிரேக்கத்திற் கரி. பஞ்சாலைத் தூசால் வருவது பிசினோசிசு. பிசோசு என்பது மெல்லிய துணி. ஆலையில் அடுக்கி வைத்துப் பூசணம் பிடித்த கரும்புச் சக்கையின் தூசால் வருவது பகாசோசிசு.

இவ்வூர் நிற்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள்! ஒருபுறம் நெல்லிக்குப்பத்துச் சருக்கரை ஆலை. பண்ணுருட்டிக்கு அப்பால் 1957-இல் அகழத் தொடங்கிய நெய்வேலிச் சுரங்கம். கோவையிற் பஞ்சாலைகள், நாடெங்கும் கல்லுடை ஆலைகள். இச்சொற்களின் பொருளை அறிய வேண்டியவன் யார்? தேர்வெழுதும் மாணவனா? அன்று; அத்தூசை அன்றாடம் மூச்சில் வாங்கும் தொழிலாளியே. மணற்கல் தூசு நுரையீரலில் உண்டாக்கிய தழும்பு மீண்டும் மறைவதில்லை. எனவே வருமுன் காத்தலே மருந்து. காக்க வேண்டியவனுக்கோ நோயின் பெயரே புரியவில்லை! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இந்நோய்களுட் பல, அரசுக்கு அறிவிக்க வேண்டியவையாக இடம்பெற்றன. சட்டம் அறிவித்தது, ஆனால் அவன் அறியாத மொழியில் அறிவித்தது.

1700-இல் இத்தாலிய மருத்துவர் இரமசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி முழுநூல் எழுதினார். நோயாளியிடம் மற்றவற்றோடு, “நீ என்ன தொழில் செய்கிறாய்?” என்றும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்க்கு வற்புறுத்தினார். அக் கேள்விக்கு விடை நோயின் பெயரிலேயே இருந்துவிட்டால் எத்துணை நலம்!

அத்தகைய பெயர்களை மக்கள் தாமே படைத்தனர். கிழமை விடுமுறை கழிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதைக் கண்ட பஞ்சாலைத் தொழிலாளர், அதனைத் ‘திங்கட் காய்ச்சல்’ என்றனர். செருமானியர் ‘தூசு நுரையீரல்’ என்று தம் சொற்களாலேயே கூறினர். அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் ‘கறுப்பு நுரையீரல்’ என்றனர். 1969-இல் மேற்கு வர்சீனிய மாநிலத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முழங்கியது கிரேக்கச் சொல்லன்று. அக் கறுப்பு நுரையீரலே. அம்மாநிலம் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டே நடுவணரசும் சுரங்க நலச் சட்டம் கொண்டுவந்தது. 1972-இல் நிறைவேறிய உதவித்தொகைச் சட்டத்தின் பெயரிலேயே கறுப்பு நுரையீரல் ஏறி அமர்ந்தது. புரிந்த சொல்லால் கேட்டனர்; பெற்றனர்.

தமிழில் இவை இயலுமா என்று ஐயுறுவோர் உளர். இருமலும் இளைப்பும் கூடிய நோயைத் தமிழர் ‘ஈளை’ என்று பண்டே வழங்கினர். அதனை வாலாகக் கொள்க. கல்லீளை, கல்நாரீளை, கரியீளை, பஞ்சீளை, சக்கையீளை! ஓசிசுக்கு ஈடாக ஓரின எழுத்துகளைப் பகிரும் ஐந்து சொற்கள். ஒவ்வொன்றும் நோயையும் சொல்லும். நோய் தந்த தூசையும் சொல்லும்.

ஈளை எனின் பொதுவான மூச்சிரைப்பையும் குறிக்குமே என்று மருத்துவர் தடை எழுப்பலாம். அத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. முன்னிற்கும் சொல்லே வேறுபாட்டைக் காட்டும். அதுவும் போதாதெனின் ‘கற்றூசு நுரையீரல் நோய்’ என்று விரித்தெழுதலாம். சொல்லின் வடிவில் மாறுபடலாம்; சொல் புரிய வேண்டும் என்பதில் மாறுபடலாகாது.

புதுச்சொல் நிலைக்காது என்போர்க்கு நெய்வேலியே விடை. இலிக்னைட்டு என்பது மரம் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிற் பிறந்தது. அதனைத் தமிழர் பழுப்பு நிலக்கரி என்றனர். நிறமும் சொல்லிற்று, இடமும் சொல்லிற்று. இன்று சிறுவனும் அதனை அறிவான். நிறுவனத்தின் பெயரிலும் அது வழங்கிற்று.

எனவே, கற்ற தமிழிளைஞர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. நாற்பத்தைந்து எழுத்தை ஒப்பிக்கும் மூச்சை, கல்லுடை ஆலையின் வாயிலில் ஒரு பலகை எழுதச் செலவிடுக: “இத்தூசு கல்லீளை தரும், தூசு பறவாமல் நீர் தெளித்து வேலை செய்க, மூச்சுக் காப்பு அணிக, மார்பை ஆண்டுதோறும் ஆய்ந்து பார்க்க.” மருத்துவச் சீட்டில் நோயின் பெயரைத் தமிழில் எழுதித் தருமாறு மருத்துவரை வேண்டுக. சொல் தெளிந்தால் அச்சம் தெளியும். அச்சம் தெளிந்தால் உரிமை கேட்கும் வாய் திறக்கும். தூசடைத்த மார்புக்குத் தன் நோயை அறியும் சொல்லேனும் தடையின்றிக் கிடைப்பதாக!