வெள்ளைச் சீருடைக்கு முன்னால்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் ஒருவர் பேச வேண்டும், வைத்தியராக இருப்பவர் பேசினால் நல்லது என்று சங்கத்தார் கேட்டார்கள். நாங்கள் பேசப்போவது தாதியர் பயிற்சிக்குத் தயாராவது பற்றி. என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டால் இன்றைக்கும் பின்வரிசைப் பிள்ளைகளில் பாதிப்பேர் "நேர்ஸ்" என்கிறார்கள். எங்கள் காலத்திலும் அப்படித்தான் சொன்னோம்.

பொல்பிட்டிய மின் நிலையம் 1969இலிருந்து ஓடுகிறது. லக்சபான அணைத் தண்ணீர் குழாயில் இறங்கி, இங்கே மின்சாரமாகி, ஊர் ஊராகப் போனது. எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. அந்த வெளிச்சத்தில் படித்து, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பதற்காக ஹட்டனுக்கு பஸ் ஏறியவர்கள் நாங்கள் ஏழு பேர். மழை நாட்களில் கினிகத்தேனைப் பக்கம் மண்சரிந்து பாதை அடைபட்டால் அன்றைய பாடம் போய்விடும்.

ஏழு பேரில் கெட்டிக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று இங்கே வந்திருக்கிறாள். இதைச் சொல்லலாமா என்று கேட்டோம். "பேரைச் சொல்லாம சொல்லுடி" என்றாள். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானி வந்ததும் ஆளுக்கொரு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். அப்போதுதான் சாதாரண தரப் பெறுபேற்றுக்கும் நிபந்தனை இருப்பதை வாசித்தோம். ஆங்கிலத்தில் அவளுடைய பெறுபேறு போதவில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் எங்களுக்கு ஆங்கில ஆசிரியர் இருக்கவில்லை. மற்றவர்கள் எப்படியோ தட்டுத்தடுமாறித் தப்பினோம். அவள் தப்பவில்லை. மீண்டும் எழுதலாம் என்று சொல்லித்தர யாருமில்லை. வீட்டிலோ கல்யாணப் பேச்சு. இன்று ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளை நிறுத்து எடை எழுதுகிறாள். ஏழு பேரில் நல்ல தாதியாக வந்திருக்கக்கூடியவள் அவள்தான் என்று இன்றும் நினைக்கிறோம்.

ஆகவே பதினோராம் வகுப்புத் தங்கச்சிமாரே, உங்கள் தயாரிப்பு உயர்தரத்துக்குப் பிறகு தொடங்குவதில்லை. மொழி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய சாதாரண தரப் பெறுபேறுகளை இப்போதே கவனியுங்கள். வர்த்தமானியின் நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். அக்கா சொன்னதையோ எங்களையோ நம்பாமல், புதியதை எடுத்து வரிவரியாக வாசியுங்கள்.

இன்னொன்று நம் பகுதிக்கே உரிய சங்கடம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். நேர்முகத் தேர்வு நெருங்கும்போது திருத்த ஓடினால் நேரம் போதாது. இந்த விடுமுறையிலேயே அப்பாவிடம் கேட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெறுபேறு வந்து பயிற்சிக்கு அழைக்கும் வரை நீண்ட காத்திருப்பு உண்டு. அந்த நாட்களில்தான் "ஆறு மாதத்தில் நேர்ஸ்" என்ற விளம்பரங்கள் கண்ணில் படும். அம்மாமார் கழுத்தில் கிடப்பதை அடகு வைத்துக் காசு கட்டுகிறார்கள். கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சான்றிதழை வைத்து இலங்கைத் தாதியர் பேரவையில் பதிய முடியுமா? 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பேரவை அது. பதிவில்லாத சான்றிதழோடு தாதியாக வேலை செய்ய முடியாது. அரசாங்கப் பயிற்சி மூன்று வருடம். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை, மாதாந்தம் கொடுப்பனவும் தருவார்கள். இது தெரியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பயிற்சியில் பாடங்கள் ஆங்கிலத்தில். அதைவிட எங்களை உறுத்துவது வேறொரு மொழிப் பிரச்சினை. பயிற்சி வைத்தியர்களாக ஒரு வார்டில் இருந்தோம். கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவுக்கு மறுநாள் சத்திரசிகிச்சை. இரவு பத்து மணிக்குப் பின் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று தாதி சிங்களத்தில் சொன்னார். அம்மா தலையாட்டினார். பெரிய இடத்தில் தலையாட்டித்தானே நமக்குப் பழக்கம். விடிய எழும்பி, பக்கத்துக் கட்டில்காரர் கொடுத்த ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பிட்டுவிட்டார். சத்திரசிகிச்சை இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த இரண்டு வாரத்துக்கும் அவருக்குப் பேர் விழாது, சம்பளம் கிடையாது. தாதியை நாங்கள் குறை சொல்லமாட்டோம். நாற்பது நோயாளருக்கு அவர் ஒருவர். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் யாருமில்லை.

மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியின் மொழி ஒரு மருந்து என்பதை அந்த அமெரிக்கர் அன்றே கண்டுகொண்டார். இங்கே டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. கட்டடம் சில வருடங்களில் எழும்பிவிடும். தாதி ஒருவர் உருவாக மூன்று வருடப் பயிற்சியும், அதற்குமுன் பதின்மூன்று வருடப் பள்ளியும் வேண்டும். நீங்களும் சிங்களம் பேசப் பழகுங்கள். உங்கள் வார்டிலும் ஒரு சிங்கள அம்மா புரியாமல் தலையாட்டக்கூடும்.

கணக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பன்னிரண்டு கிலோ குழந்தைக்குக் காய்ச்சல். பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 180. பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120. எவ்வளவு கொடுப்பீர்கள்? ஏழரை மில்லிலீற்றர். எட்டாம் வகுப்பு விகிதசமம்தான். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினால் குழந்தைக்கு எழுபத்தைந்து போய்விடும்.

இப்போது சனிக்கிழமைகளில் நம் பழைய மாணவிகள் சிலர் பாடசாலையில் கூடி, விண்ணப்பிக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறோம். கனடாவிலும் லண்டனிலும் தாதியராக இருக்கும் அக்காமார் வாரத்தில் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் அவர்களோடு ஆங்கிலத்தில் பேசினால் போதும். காசு அனுப்புவதைவிட அதுதான் இப்போது அவசரம். பெயர்களை இந்த மலரின் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

போன சனிக்கிழமை பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தோம். 500 மில்லிலீற்றர் சேலைன், நான்கு மணித்தியாலத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை? பிள்ளைகள் பேனையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு கதவருகில் நின்ற எங்கள் கெட்டிக்காரி தட்டைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "நாப்பத்திரெண்டு."